அத்தியாயம் 7: அரச வருமானத்தைக் கணிக்கத் தலைமைப் பொருளியலாளர் ஒருவரைத் தெரிவு செய்தல்

2023-ஆம் ஆண்டு வரவுசெலவுத்திட்டத்தில் இலங்கை அரசு எதிர்பார்த்த வருமானம் 3,408 பில்லியன் ரூபாய். ஆண்டு முடிவில் கைக்கு வந்தது ஏறத்தாழ 3,049 பில்லியன். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்புக்கு வந்த சர்வதேச நாணய நிதியக் குழு, வருமானம் ஆரம்ப மதிப்பீடுகளைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறையும் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுப் போனது. வெளியிலிருந்து வந்தவர்கள் செப்டெம்பரில் சொன்னதை, நம் திறைசேரியில் இருக்கும் ஒருவர் மே மாதத்திலேயே தன் பெயரில், கையொப்பத்துடன் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவரை எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது, வந்தபின் எப்படிக் காப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தெரிவுக் குழுவில் உட்காரப் போகும் செயலாளர்களையும் மேலதிகச் செயலாளர்களையும், வெளியிலிருந்து அழைக்கப்படும் பேராசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். விண்ணப்பிக்க நினைக்கும் இளம் பொருளியலாளரும் படிக்கலாம். எதற்குத் தயாராக வேண்டும் என்பது அவருக்கு விளங்கும்.

ஏன் இந்தப் பதவி

2019 டிசெம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிக்கப்பட்டது. அடுத்த மாதமே, உழைக்கும்போது செலுத்தும் வரியும் நின்றது. இவற்றோடு அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் நடந்தது: வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்ந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு மின்சாதனக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆண்டில் 300 நாள் திறந்திருக்கும் கடை என்றால், பழைய எல்லையின்படி நாளொன்றுக்கு 40,000 ரூபாய் விற்றாலே அது வரி வலைக்குள் வரும். புதிய எல்லையில் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் விற்றால்தான் வரும். இடையில் இருந்த கடைகள் ஒரே இரவில் கணக்கிலிருந்து காணாமல் போயின. 2024 ஜனவரியில் எல்லை 60 மில்லியனுக்கு இறங்கியபோது, நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் விற்கும் கடைக்காரர் மறுபடி பதிவுப் புத்தகத்தைத் தேட வேண்டியதாயிற்று.

அரசின் மொத்த வருமானம் 2019-இல் ஏறத்தாழ 1,891 பில்லியனாக இருந்து 2020-இல் 1,368 பில்லியனுக்கு விழுந்தது. கொரோனாவும் அதில் ஒரு பங்கு. ஆனால் நோய் வருவதற்கு முன்பே வரிகள் வெட்டப்பட்டுவிட்டன. வெட்டினால் எவ்வளவு போகும் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்படவில்லை. 2022 ஏப்ரல் 12-ஆம் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 நவம்பர் 14-ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்த செயல்களால் பொது நம்பிக்கை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தபோது, அதில் அரசியல்வாதிகளோடு திறைசேரியின் முன்னாள் செயலாளர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பெயர் சொல்லப்பட்டார்கள். தெரிவுக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்க வேண்டும். மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்பது இனி ஓர் அதிகாரிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. போட்ட கணக்கை மேலிருந்து மாற்றச் சொன்னால், காரணம் கேட்டு, காரணம் போதாவிட்டால் மறுப்பவர்தான் வேண்டும். அப்படி மறுத்த பிறகும் அவர் அந்த நாற்காலியில் இருக்கும்படி பதவியை அமைப்பது, ஆளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

பதவியை முதலில் கட்டுங்கள்

வருமான மதிப்பீட்டின் மூலத்தரவுகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: உள்நாட்டு இறைவரித் திணைக்களம், சுங்கம், மதுவரித் திணைக்களம். மூன்றும் தத்தம் தொகையை எழுதி அனுப்பும். நிதியமைச்சு அவற்றைச் சேர்த்து, பேரம் பேசி, கூட்டி, நவம்பரில் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோகும். இதில் ஒரு பழைய கோளாறு உண்டு. வசூலிக்கும் திணைக்களத்துக்குக் கொடுக்கும் இலக்கும், நேர்மையாக எவ்வளவு வரும் என்ற கணிப்பும் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகின்றன. இலக்கு சற்று எட்டாத உயரத்தில் இருக்கலாம். அதிகாரிகளை ஓடவைக்க அது உதவும். ஆனால் அதே எண்ணை நம்பிச் சம்பளத்தையும் மானியத்தையும் வீதி ஒப்பந்தங்களையும் திட்டமிட்டால் ஆண்டின் நடுவில் கடன் வாங்க வேண்டி வரும். ஆகவே தலைமைப் பொருளியலாளரின் கடமைப் பட்டியலில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: கணிப்பு அவருடையது, இலக்கு மற்றவர்களுடையது, இரண்டும் தனித்தனி நிரலில் அச்சாகும்.

அடுத்தது தரவு. இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் கணினி முறைமை, சுங்கத்தின் அசிகுடா முறைமை, மதுவரியின் மாதாந்த வசூல் ஆகிய மூன்றையும் அவர் கடிதம் எழுதிக் காத்திராமல் பார்க்க வேண்டும். வரி செலுத்துவோரின் பெயர் விவரம் அவருக்குத் தேவையில்லை. இரகசியம் பேணும் சட்டத்துக்கு உட்பட்டு, பெயர் நீக்கிய பதிவுகள் போதும். இதை நியமனத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அரச நிறுவனத்தில் நல்ல பொருளியலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தரவைப் பெற அனுமதிக் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். நியமனக் கடிதமும் தரவு அனுமதியும் ஒரே நாளில் கையளிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பிரசுரம். 2003-இல் நிறைவேறிய அரசிறை முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், தேர்தலுக்கு முந்தைய நிதிநிலை அறிக்கை உட்படப் பல அறிக்கைகளைக் கேட்டது. 2006-க்குள் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் திகதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. அதன் இடத்துக்கு வந்தது 2024-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம். அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் உள்ள வருமான எண்ணுக்கு இன்னார் பொறுப்பு என்று ஒருவரின் பெயர் இருப்பதில்லை. தலைமைப் பொருளியலாளரின் பெயரில், அவரது முறையியலோடும் கடந்த ஆண்டுப் பிழையோடும், ஆண்டுக்கு இருமுறை ஓர் அறிக்கை வெளிவர வேண்டும் என்று ஆட்சேர்ப்புத் திட்டத்திலேயே எழுதுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நாளில் வரட்டும். தமிழ்ப் பிரதி சில மாதம் கழித்து வந்தால் கிராண்ட்பாஸில் இருந்து வெளிவரும் வீரகேசரியின் வாசகர் அதைப் படிக்கும்போது வரவுசெலவுத்திட்ட விவாதமே முடிந்திருக்கும்.

பதவிக்காலம் ஐந்து ஆண்டு இருக்கட்டும். ஓர் அரசாங்கத்தின் ஆயுளோடு சரியாகப் பொருந்தாமல் தொடங்கினால் இன்னும் நல்லது. பதவி நீக்கத்துக்கான காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். கணிப்பு அரசுக்குப் பிடிக்கவில்லை என்பது அவற்றில் ஒன்றாக இருக்கவே கூடாது. பிரித்தானியாவில் 2010-இல் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் தொடங்கப்பட்டபோது, அதன் தலைவரை நியமிக்கப் பாராளுமன்றத்தின் திறைசேரிக் குழு சம்மதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நம்மிடமும் அரசாங்க நிதி பற்றிய குழு இருக்கிறது. தெரிவானவரை அந்தக் குழு ஒருமுறை பகிரங்கமாகக் கேள்வி கேட்கட்டும். சட்டம் திருத்தத் தேவையில்லை. அமைச்சர் மனம் வைத்தால் போதும்.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்து கேளுங்கள்

தெரிவுக் குழுவுக்கே வேலை விளங்காவிட்டால், பட்டங்களைப் பார்த்து மயங்கிவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரூபாயில் வரும் வரி, பொருளின் அளவோடு மட்டும் போவதில்லை. விலையோடும் நாணய மாற்று வீதத்தோடும் போகிறது. 2022-இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. இறக்குமதி சுருங்கியபோதும், சுங்கத்தில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் கணக்கிடப்படும் ரூபாய்ப் பெறுமதி ஏறியது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. விலையேற்றம் இவ்வளவு வேகமாகத் தணிந்தால், ரூபாயில் வரும் வரியின் வளர்ச்சியும் தணியும். முந்தைய ஆண்டின் வேகத்தையே நீட்டிக் கோடு போட்டவர் அதில் அகப்பட்டுக்கொள்வார்.

வாகன இறக்குமதி இதைவிடக் கடினம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் திறந்துவிடப்பட்டது. ஐந்து ஆண்டு காத்திருந்தவர்கள் ஒரே ஆண்டில் வாங்க வந்தார்கள். சுங்க வசூல் எதிர்பார்ப்பைத் தாண்டியது. நல்ல செய்திதான். ஆனால் அது தேங்கி நின்ற தேவை. கார் வாங்கியவர் அடுத்த ஆண்டும் கார் வாங்க மாட்டார். 2025-இன் வசூலை அடிப்படையாக எடுத்து அதன்மேல் சதவீதம் கூட்டி 2027-ஐ எழுதுகிறவருக்கு இந்தப் பதவி ஆகாது. லீசிங் கடனுக்கு மத்திய வங்கி எவ்வளவு அனுமதிக்கிறது, ரூபாய் எங்கே நிற்கிறது, வாகன விற்பனையாளரிடம் இருப்பு எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் கோட்டையில் உள்ள செயலகக் கட்டடத்துக்குள் கிடைக்காது. கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் வாஃப் கிளார்க் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். நாள் முழுக்கத் துறைமுகத்துக்கும் பிரதான வீதியில் உள்ள சுங்கத் தலைமையகத்துக்கும் இடையில் கஸ்டெக் என்னும் சுங்கப் பிரகடனப் படிவங்களோடு ஓடுபவர். எந்தப் பொருளுக்கு இந்த வாரம் படிவம் கூடுகிறது, எந்த இறக்குமதியாளர் சரக்கை வெளியே எடுக்காமல் பொறுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை அப்படி ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, சரக்கை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றால் வரியில் என்னவோ வரப்போகிறது என்று அவங்களுக்குக் காத்து அடிச்சிட்டுது." தீர்வை மாறப்போகிறது என்ற ஊகம் சந்தையில் எவ்வளவு சீக்கிரம் பரவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. புறக்கோட்டையின் மொத்த வியாபாரிகளும் அப்படித்தான். 2020 ஒக்டோபர் 13-ஆம் திகதி சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரி, கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கப்பட்டது. சில்லறை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபாய் இழப்பு என்ற கணக்கு அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் வந்தது. வர்த்தமானி அச்சாகும் முன் ஒரு பக்கக் குறிப்பில் அந்தத் தொகையை எழுதி வைப்பது நான் சொல்லும் பதவியின் அன்றாட வேலை.

ஆள் எங்கே இருக்கிறார்

முதலில் பார்க்க வேண்டிய இடம் மத்திய வங்கியின் பொருளாதார ஆராய்ச்சித் திணைக்களம். அங்கிருந்து திறைசேரிக்கு ஆள் வருவது புதிய வழக்கம் அல்ல. 2022 ஏப்ரலில் திறைசேரிச் செயலாளராக வந்த மஹிந்த சிறிவர்தன, மத்திய வங்கியில் பிரதி ஆளுநராக இருந்தவர். 2016 முதல் 2019 வரை ஆளுநராக இருந்த இந்திரஜித் குமாரசுவாமி, தன் ஆரம்ப காலத்தில் மத்திய வங்கியிலிருந்து நிதியமைச்சுக்கு வந்து வேலை செய்தவர். பிறகு பொதுநலவாயச் செயலகத்தில் நீண்ட காலம் இருந்து திரும்பியவர். ஆனால் இன்று ஒரு தடை இருக்கிறது. வங்கியின் சம்பளத்துக்கும் அமைச்சின் சம்பளத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி. 2024-இன் தொடக்கத்தில் வங்கிச் சம்பள உயர்வு பாராளுமன்றத்தில் எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பதை எல்லோரும் அறிவோம். வங்கிச் சம்பளத்தோடு ஐந்து ஆண்டுக்கு விடுவிக்கும் ஏற்பாட்டை இரு நிறுவனங்களும் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்தால்தான் நல்ல ஆள் மனம் வைத்து விண்ணப்பிப்பார்.

வெளியில் கொள்கைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வெரிட்டே ரிசர்ச் இருக்கிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். இறைவரித் திணைக்களத்தில் பல ஆண்டு வற் பகுதியில் இருந்த பிரதி ஆணையாளர் ஒருவர், வெளிநாட்டுப் பட்டம் இல்லாமலே, எந்தத் துறை எந்த மாதத்தில் வரி கட்டும் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பார். கலாநிதிப் பட்டத்தைக் கட்டாய நிபந்தனையாக்கினால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். விரும்பத்தக்க தகைமை என்று போடுங்கள். கட்டாயம் என்று போட வேண்டாம்.

பிறகு வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்த அடுக்குமாடியில் கேட்டாலும், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ வங்கியிலும் அரச திணைக்களத்திலும் வேலை பார்க்கும் பிள்ளையோ உறவினரோ அங்குள்ள யாருக்காவது இருப்பார். 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்கள் திரும்பி வர அழைக்கிறோம் என்றால், விளம்பரம் தமிழிலும் வர வேண்டும், நேர்முகத்துக்குத் தமிழில் பதில் சொல்லவும் இடம் இருக்க வேண்டும், குடியுரிமை நிபந்தனை என்ன என்பது முதல் பத்தியிலேயே தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சிக்கு அவகாசம் கொடுக்கலாம். சிங்களம் சரளமாகப் பேசாத ஒரு தமிழ்ப் பொருளியலாளர் திறைசேரியின் வருமானக் கணிப்புக்குத் தலைமை தாங்க முடியும் என்று இந்த நாடு காட்டினால், அதன் மதிப்பு ஒரு பதவியோடு நிற்காது. இதை நான் முழு மனதோடு எழுதுகிறேன்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணத்தில் இந்தப் பதவிக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். பயிற்சிக்கும் மென்பொருளுக்கும் உதவி வாங்கலாம். கணிப்பில் கையொப்பமிடுபவரின் சம்பளம் நம் திரட்டு நிதியத்திலிருந்தே போக வேண்டும். இல்லாவிட்டால் பாராளுமன்றத்தில் எழும் முதல் கேள்வி அவரது எண்ணைப் பற்றி இருக்காது, அவருக்குப் படியளப்பவர் யார் என்பதைப் பற்றித்தான் இருக்கும். முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் ஒப்புதலோடு, தனி ஒப்பந்தச் சம்பளம் நிர்ணயித்து, அந்தத் தொகையையும் விளம்பரத்தில் அச்சிடுங்கள்.

சோதனை

நேர்முகத்துக்கு முன் ஒரு நாள் எழுத்துச் சோதனை வையுங்கள். நான் பரிந்துரைக்கும் வினா இது. விண்ணப்பதாரியை 2019 டிசெம்பர் முதல் வாரத்தில் உட்கார வையுங்கள். 2019-இன் வற் வரி வசூல் ஏறத்தாழ 444 பில்லியன் என்று கொடுங்கள். வரிக்குறைப்பு அறிவிப்பைக் கொடுங்கள். 2020-இல் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். கொரோனா என்ற சொல்லே அறைக்குள் வரக்கூடாது.

பள்ளிப் பிள்ளையின் விகிதக் கணக்கில் 444-ஐ 15-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்கினால் 237 வரும். உண்மையில் அந்த ஆண்டு வந்தது ஏறத்தாழ 234. இவ்வளவு கிட்ட வந்துவிட்டதே என்று திருப்திப்பட்டு எழுந்து போகிறவரை எடுக்காதீர்கள். நல்ல விண்ணப்பதாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்: நிதிச் சேவைகள் மீதான வற் வரியும் குறைந்ததா? குறையவில்லை, அது 15 சதவீதத்திலேயே இருந்தது. அப்படியானால் அந்தப் பங்கைத் தனியே எடுக்க வேண்டும், மீதிக்குத்தான் 8. அப்போது விகிதக் கணக்கு 237-க்கு மேலே போகும். பிறகு 300 மில்லியன் எல்லை எத்தனை பேரை வெளியே தள்ளுகிறது, அவர்கள் கட்டிய வரி எவ்வளவு என்று கேட்பார். அது கீழே இழுக்கும். விலை குறைந்ததால் மக்கள் கூடுதலாக வாங்குவார்கள் என்ற நம்பிக்கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று யோசிப்பார். கடைசியில் ஒரு தனி எண்ணை எழுதாமல், 250-க்கும் 290-க்கும் இடையில் என்பதுபோல ஒரு வீச்சை எழுதி, எந்த அனுமானம் பொய்த்தால் எந்தப் பக்கம் சாயும் என்று குறிப்பார். விடை சரியா என்று திருத்தாதீர்கள். கேட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் போடுங்கள். சாதாரண எக்செல் தாளில் இதைச் செய்தவரையும் பெரிய புள்ளிவிவர மாதிரியில் செய்தவரையும் ஒரே தராசில் வையுங்கள். தன் அனுமானத்தை இரண்டு வரியில் விளக்க முடியாத மாதிரிக்கு மதிப்பில்லை.

நேர்முகத்தில் முதலில், அவர் கணித்துப் பிழைத்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு பிழைத்தது, எப்போது தெரியவந்தது, அடுத்த முறை எதை மாற்றினார். பிழையே இல்லை என்பவர் கணித்ததே இல்லை.

அடுத்து, குழுத் தலைவர் செயலாளர் வேடம் போட வேண்டும். "அமைச்சர் வருமானத்தில் இன்னும் 200 பில்லியன் காட்டச் சொல்கிறார். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. எங்கேயாவது சேர்த்துவிடுங்கள்." சிலர் வற் வரியில் கொஞ்சம், சுங்கத்தில் கொஞ்சம் என்று பிரித்துத் தூவத் தொடங்குவார்கள். சிலர் கோபப்பட்டுச் சுதந்திரம் பற்றிப் பிரசங்கம் செய்வார்கள். அவர்களும் இந்த வேலையில் நீடிக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த பதில் இந்த வகையைச் சேர்ந்தது: "சேர், எந்த வரி, எந்தத் திகதியிலிருந்து, எந்தச் சட்டத்தால் என்று சொல்லுங்கள். அதற்கு எவ்வளவு வரும் என்று இன்றிரவே கணக்குப் போட்டுத் தருகிறேன். வரி இல்லாமல் தொகை மட்டும் என்றால் என் கையொப்பத்தின் கீழ் போக முடியாது. இலக்கு நிரலில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்." பணிவும் இருக்கிறது, கதவும் மூடவில்லை, எண்ணும் அசையவில்லை.

கடைசியாக, அவரை ஐந்து நிமிடம் ஒரு பத்திரிகையாளரிடம் பேச விடுங்கள். வரி எல்லை ஏன் குறைந்தது என்று வெள்ளவத்தைக் கடைக்காரருக்கு விளங்கும்படி சொல்கிறாரா என்று பாருங்கள்.

குழுவில் யார் இருக்க வேண்டும்? திறைசேரியிலிருந்து ஒருவர், மத்திய வங்கியிலிருந்து ஒருவர், கணக்காய்வுத் துறையில் அனுபவம் உள்ள ஓய்வுபெற்றவர் ஒருவர், பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஒருவர். அமைச்சரின் பிரத்தியேக ஊழியர் யாரும் வேண்டாம். நால்வரில் ஒருவராவது வருமானக் கணிப்பைத் தன் கையால் செய்தவராக இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதங்களைவிட, பழைய மேலதிகாரியோடு ஒரு தொலைபேசிப் பேச்சு பயன் தரும். ஒரே ஒரு கேள்வி போதும்: உங்களுக்குப் பிடிக்காத எண்ணை இவர் உங்களிடம் கொண்டுவந்தது உண்டா?

வந்த பிறகு

முதல் மாதத்தில் புதிய மாதிரி எதுவும் கட்டச் சொல்லாதீர்கள். கடந்த பத்து ஆண்டுகளின் வரவுசெலவுத்திட்ட எண்ணையும் உண்மை வசூலையும் வரி வரியாகப் பக்கம் பக்கமாக வைத்து, பிழை எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு அட்டவணை கேளுங்கள். எந்த வரியில் எப்போதும் கூட்டி எழுதுகிறோம், எதில் குறைத்து எழுதுகிறோம் என்பது அதில் தெரிந்துவிடும். அதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகத்துக்கான சட்டம் 2023-இல் நிறைவேறியது. அந்த அலுவலகம் தன் எண்ணைத் தரும்போது அதை எதிரியாகப் பார்க்காமல், எங்கே வேறுபடுகிறோம் என்று உட்கார்ந்து பேசும் வழக்கத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் வசூல் வந்த பத்து நாளுக்குள் இரண்டு பக்கக் குறிப்பு. வாகனம், எரிபொருள், வற் வரி, சம்பள வரி, சிகரெட், மதுபானம் ஒவ்வொன்றும் கணிப்போடு எவ்வளவு விலகியது, ஏன் விலகியது. மூன்று மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் ஆண்டுக் கணிப்பைத் திருத்தும் அதிகாரம் அவருக்கே இருக்க வேண்டும். திருத்தத்துக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது. மாதத்தில் ஒரு காலையாவது அவர் மேசையை விட்டு எழுந்து துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் போய்வர வாகனமும் நேரமும் ஒதுக்குங்கள்.

அவருக்குக் கீழே குறைந்தது இரண்டு இளையவர்கள், முதல் ஆறு மாதத்துக்குள் நியமிக்கப்பட வேண்டும்: ஒருவர் திட்டமிடல் சேவையிலிருந்து, ஒருவர் வெளியிலிருந்து. கோப்புகளும் சூத்திரங்களும் மூவருக்கும் பொதுவான சேமிப்பில் இருக்கட்டும். தலைமைப் பொருளியலாளர் விலகும்போது மூன்று மாத முன்னறிவித்தல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை, வரவுசெலவுத்திட்டப் பருவத்தில், விலகல் நடைமுறைக்கு வராது என்ற நிபந்தனையும் வேண்டும். முதற் சுற்றில் தகுந்தவர் கிடைக்காவிட்டால் பதவியை வெறுமையாக விட்டு, அந்த இரண்டு இளையவர்களை முதலில் நியமித்து, அவர்களில் மூத்தவரைப் பதில் கடமையில் அமர்த்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி விளம்பரம் செய்யுங்கள். கிடைத்தவரை இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம் என்று நியமித்தால் ஐந்து ஆண்டுக்கு அந்தக் கையொப்பம்தான் நம் கணக்குகளின் கீழே இருக்கும்.